தபாலக்காவின் முன்பல்

1

இந்தக் கதை ஒரு படக்குறிப்பில் மிச்சமானது. எங்கள் நாளிதழின் உள்பக்கம் ஒன்றில், தபால்தலையைவிடச் சற்றே பெரிய படத்துக்குக் கீழே நான் எழுதியது இவ்வளவுதான்: "பழைய தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், தாங்கள் கையால் செய்த பொருட்களை ஏலம் விட்டு, மருத்துவமனை விபத்துப் பிரிவுக்கு நாற்காலிகள் வாங்கித் தருகிறார்கள்."

நல்ல காரியங்களைப் போல அலுப்பான செய்தி வேறில்லை. ஊழல் என்றால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நன்கொடை என்றால் எல்லோருக்கும் ஒரே கதை, ஒரே சிரிப்பு, ஒரே பொன்னாடை. அந்த ஏல அரங்கில் நான் கடைசி வரிசையில், கதவோரமாக, சீக்கிரம் கிளம்புகிறவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு கைப்பை. அதற்கடுத்து, மடியில் அட்டைப்பெட்டியுடன் ஒரு பெண். குறிப்பேட்டை வைக்கலாமா என்று அந்தப் பையை லேசாக நகர்த்தினேன்.

"அங்க ஆள் வராங்க."

"யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விட்டும் தூவானம் விடாத அந்த மாலையில்" (மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "பற்கள் என்றால் அவளுக்கு உயிர்." (பொய். பற்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. கல்யாண வீட்டுப் படங்களில்கூட முகம் தெரிவதில்லையாம். மேல்வரிசையும் கீழ்வரிசையும்தான் தெரிகின்றனவாம்.)

மூன்றாவது: மூத்தவள் பொய்ப்பல் செய்கிறவள்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. போகலாம்.

3

மூத்தவள் பொய்ப்பல் செய்கிறவள். மடியில் அட்டைப்பெட்டியுடன் இருந்தவள் இவள்தான். அவள் வேலை செய்யும் கூடம் ஒரு மாடியில் இருந்தது. சுண்ண மாவுத் தூசி படிந்த மேசைகள், மெழுகு உருக்கும் சிறு விளக்குகள், பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் அச்சுகள். அங்கே வாய்கள் மட்டும் வரும், முகங்கள் வருவதில்லை. கோணலாக வருவதை நேராக்கி, உடைந்து வருவதை முழுசாக்கி அனுப்புவது அவர்கள் வேலை. அதில் மூத்தவளின் கை பேர்போன கை.

அவளுக்கு ஒரு தங்கை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவள் சொன்னால் பயணிகள் ஓடாமல் நடப்பார்களாம், அப்படி ஒரு குரல். ஒருநாள் இருசக்கர வண்டி சறுக்கி விழுந்ததில் தாடை உடைந்தது. மேல்வரிசை முன்பற்கள் போயின. தாடை கூடிவிட்டது. ஆனால் பல் போனால் சொல் போச்சு என்பது அவளிடம் அப்படியே நடந்தது. வேலையை விட்டாள். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அக்காவைத் தவிர யாரிடமும் பேச்சில்லை.

மூத்தவள் தங்கைக்குக் கழற்றி மாட்டும் பல்தட்டு செய்தாள். மருத்துவர் பொருத்திப் பார்த்துக் கச்சிதம் என்றார். இளையவள் அதைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். மூத்தவள் இன்னொன்று செய்தாள். அதுவும் கிண்ணத்துக்குப் போனது.

"வலிக்குதாடி?"

"இல்ல."

"லூசா இருக்கா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னதான்டி?"

"ஒண்ணுமில்ல. விடு."

மூத்தவள் விடவில்லை. விடத் தெரியாதவள் என்பதை இந்த இடத்தில் வாசகர் குறித்துக்கொள்ளலாம்.

(ஓரக்குறிப்பு: நாற்காலி ஏன்? தங்கை விபத்துப் பிரிவில் கிடந்த நாட்களில் நோயாளிக்குக் கட்டில் இருந்தது; கூட வந்தவர்களுக்கு உட்கார ஒன்றுமில்லை. மூத்தவள் சுவரில் சாய்ந்து நின்றே தூங்கியிருக்கிறாள். ஏல அறிவிப்பில் "நாற்காலி" என்ற சொல்லைப் பார்த்ததும் கால் வலித்தது என்றாள். நான் கேட்டதிலேயே மிக நேர்மையான கொடைக் காரணம் இதுதான்.)

4

தொடரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தபாலக்கா என்பவள் கிரகம் விட்டுக் கிரகம் பொட்டலம் கொண்டுபோகிற தபால்காரி. முதல் பொட்டலத்தின் நூலைக் கடிக்கும்போதே அவளுடைய முன்பல்லின் ஓரம் உடைந்துவிடுகிறது. அதன் பிறகும் ஒவ்வொரு வாரமும் அந்த உடைந்த பல்லாலேயே நூலைக் கடித்து, "வந்து சேர்ந்தாச்சு, அவிழ்த்துக்கோங்க" என்பாள். அக்காவும் தங்கையும் சிறுமிகளாகத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்த தொடர் அது.

ரசிகர் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏலப்பொருள் நூல் கட்டிய பொட்டலமாகத்தான் வர வேண்டும். கொடுப்பவர் மேடையேறிக் கையாலோ பல்லாலோ அவிழ்க்க வேண்டும். கத்தரிக்கோல் ஆகாது.

மூத்தவள் ஒரு தபாலக்கா பொம்மை செய்தாள். முழங்கை உயரம். மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல்தட்டுக்கு வார்க்கும் அதே பொருளில் வார்த்தாள். பழைய கைப்பையின் தோலை வெட்டித் தபால்பை தைத்தாள். சாப்பாட்டு இடைவேளைகள் எல்லாம் அதற்கே போயின. முடிந்ததும் கூடமே சூழ்ந்துகொண்டது. அங்கே யாரும் பொம்மையின் கண்ணையோ பையையோ பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து வாயைப் பார்த்தார்கள்.

மெழுகுவேலை செய்கிறவரை எல்லோரும் மெழுகண்ணன் என்பார்கள். அவர் பொம்மையின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "அடேயப்பா, கடி எவ்வளவு கச்சிதம்! இதுக்குப் பசிச்சா சாப்பிடவே சாப்பிடும்."

"தானம் குடுக்கற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதீங்கண்ணே," என்றாள் மூத்தவள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையின் முன்னால் வைத்தாள். இளையவள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையைத் திறந்து மூடினாள். பிறகு முகத்தருகே கொண்டுபோய், வாயில் கட்டியிருந்த துணியை இறக்கினாள்.

"இவளையும் சரி பண்ணிட்டியா?"

"என்னடி சொல்ற?"

"முன்பல்லு. உடைஞ்ச பல்லுக்கா. அது இல்லாம இவ யாரு? ஏதோ பற்பசை விளம்பரத்துக்கு நிக்கறவ மாதிரி இருக்கா."

மூத்தவள் பொம்மையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக, ஒரு குறையும் இல்லாமல், முழுசாகச் சிரித்தது அது. கூடத்தில் அத்தனை பேர் பார்த்தார்கள்; அத்தனை பேரும் தொழில்காரர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"கை தானா செஞ்சுடுச்சு," என்றாள்.

"உன் கை யாரைத்தான் சும்மா விட்டுது?" இளையவள் உதட்டின் இடப்பக்கத்தைத் தொட்டாள். "எனக்கு இங்க ஒரு தெத்துப்பல் இருந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

மூத்தவளுக்கு ஞாபகம் இருந்தது. முதல் தட்டு செய்தபோதே இருந்தது. போனது போகட்டும், இந்தச் சாக்கில் அதையாவது நேராக்கிவிடலாம், தங்கை சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தாள்.

"அதைப் போட்டுட்டுக் கண்ணாடி பாத்தா வேற யாரோ என் வாய்க்குள்ள குடிவந்த மாதிரி இருக்குக்கா."

"முன்னமே சொல்லியிருக்கலாம் இல்லடி?"

"ஒவ்வொரு தட்டையும் எவ்வளவு ஆசையா தூக்கிட்டு வந்தே. எப்படிச் சொல்ல?"

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இளையவளை நான் பார்த்ததில்லை. அவள் எனக்கு அக்காவின் வாய்வழியாகத்தான் வந்தாள். இந்த இடம் வரை எழுதியதை மனைவியிடம் படித்துக்காட்டினேன்.

"ஒரு தெத்துப்பல்லுக்காகவா ஒருத்தி வீட்டுக்குள்ளயே கிடப்பா? வாசகன் நம்புவானா?" என்று கேட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வழுக்கைக்கு நான் ஒரு சுருட்டை விக் வாங்கி மாட்டி விடறேன். நாளைக்கு ஆபீசுக்குப் போயிட்டு வாங்க, பாப்போம்."

இளையவள் கதையில் இருக்கிறாள்.

6

மூத்தவள் அரத்தை எடுத்தாள். பொம்மையின் முன்பல்லில் வைத்தாள். இத்தனை வருடமாக உடைந்ததை ஒட்டிய கை, நல்ல பல்லை உடைக்க மாட்டேன் என்றது. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"குடு இங்க. நான் பாத்துக்கறேன்," என்று இளையவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கூடத்தில் மூத்தவள் புதுத் தட்டு தொடங்கினாள். இடப்பக்கம் ஒரு பல்லை முன்னால் இழுத்து, பக்கத்துப் பல்லின் மேல் ஏறினாற்போல மெழுகில் நட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பல் நேராக நின்றது.

"ஒண்ணு கோணிக்கிட்டு இருந்துச்சும்மா," என்றார் மெழுகண்ணன். "களைப்புல கவனிக்கல போல. நானே தட்டி வெச்சுட்டேன்."

"அண்ணே, அது கோணலாத்தான் இருக்கணும்."

"என்னது?"

"கோணலா இருக்கணும்ணே. அவ பல்லு அப்படி."

மெழுகண்ணன் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "முதலாளி கண்ணுல பட்டா என்னைத்தான் உரிப்பார். மூடி வெச்சுச் செய், தாயே."

ஒரு பல்லைக் கோணலாக வைப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்ததாம். நேராக வைக்க அளவு உண்டு. கோணலுக்கு அளவு இல்லை. பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வைத்து வைத்துக் கலைத்தாள்.

அவள் வீடு திரும்பியபோது பொம்மை பெட்டிக்குள் போயிருந்தது. மேலே நூல், முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"பிரிக்காதே. மேடையில நான் வந்து பிரிக்கறேன்."

"நீயா? அத்தனை பேருக்கு முன்னாடியா?"

"பல்லு சரியா இருந்தா வரேன்."

"சரியான்னா?"

"கோணலா இருந்தா."

ஏலத்தன்று காலை மூத்தவள் புதுத் தட்டைக் கண்ணாடி முன்னால் வைத்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து, "நீ முன்னாடி போ, இடம் புடிச்சு வை," என்ற குரல் மட்டும் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவள், பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். அந்தப் பையைத்தான் நான் நகர்த்தினேன்.

பொம்மையின் பல் உடைந்திருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. புதுத் தட்டு வாய்க்குப் போனதா, கிண்ணத்துக்குப் போனதா என்பதும் தெரியாது. பெட்டியை ஒருமுறை காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

7

முடிவுகள்.

(அ) இளையவள் வருகிறாள். மேடையேறி நூலைப் பல்லால் கடிக்கிறாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இதை எழுதிவிட்டேன், நன்றாகக்கூட வந்தது. ஆனால் மூத்தவளே பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள்: "முன்பல்லுத் தட்டு போட்டவங்க நூலைக் கடிச்சா, நூலோட தட்டும் கைக்கு வந்துடும் சார்." அடித்துவிட்டேன்.

(ஆ) இளையவள் வரவில்லை. மூத்தவள் தனியாக மேடையேறி, விரல்நகம் உடைய முடிச்சுகளை அவிழ்க்கிறாள். உள்ளே பொம்மை அதே முழுப் பல்லோடு சிரிக்கிறது. (இது நடந்திருக்கலாம். களைத்தவர்களுக்கு இதுதான் அடிக்கடி நடக்கிறது. எழுதக் கை வரவில்லை.)

(இ) இளையவள் வருகிறாள், ஆனால் துணியை

வேண்டாம்.

8

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் பொம்மையை அழைத்தார்கள். மூத்தவள் எழுந்தாள். கதவைப் பார்த்தாள். இன்னொரு முறை அழைத்தார்கள்.

"சார், பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. அந்த இடத்துல யாரும் உக்காந்துடக் கூடாது."

அவள் நடக்கத் தொடங்கியதும் என் கைபேசி அதிர்ந்தது. மந்திரி ஒருவர் ராஜினாமா, உடனே வா என்றார்கள். பையை எங்கள் படக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கினேன். படியில் ஒருத்தி வாயில் துணியோடு மூச்சிரைக்க ஏறிவந்தாள் என்று எழுதக் கை அரிக்கிறது. படியில் யாரும் வரவில்லை. லிஃப்ட்டும் இருந்தது, அதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் படக்காரரைப் பிடித்தேன். "பையை யார்கிட்டப்பா குடுத்தே?"

"வந்து வாங்கிட்டாங்க சார்."

"யாரு?"

"ஒரு லேடி."

"அக்காவா, தங்கச்சியா?"

"அதெல்லாம் நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? ஏன் சார், பையில ஏதாச்சும் காணோமா?"

நாளிதழ்ப் பக்கத்தில் வந்த படத்தில் பொம்மை மேசைமேல் நின்றது. அந்த அளவில் அச்சான படத்தில் அதன் வாய் வெறும் மைப்புள்ளி. பொம்மையைத் தவிர எதுவும் இல்லை. பக்கம் வடிவமைக்கும் பையனிடம் முழுப்படம் கேட்டேன்.

"ஒரிஜினலை அழிச்சாச்சு சார். ஓரத்துல யாரோட கையோ நூலைப் புடிச்சுக்கிட்டு துருத்திட்டு இருந்துச்சு. வெட்டிட்டு நேராக்கி வெச்சேன். இப்ப நீட்டா இருக்குல்ல?"

நீட்டாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறேன். வெட்டிய ஓரத்துக்கு அப்பால் ஒரு கை இருக்கிறது. முடிச்சு போட்ட கையா, இடம் பிடித்து வைத்த கையா என்று எனக்குத் தெரியாது. நேராக்கிக் கொடுக்க என்னால் முடியும்; தொழில் பழக்கம் இருக்கிறது. செய்யப்போவதில்லை. பொட்டலத்தை முடிச்சோடு உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன்.

வந்து சேர்ந்தாச்சு. அவிழ்த்துக்கோங்க.