திங்கட்கிழமை எழுதிய வெள்ளிக்கிழமை

விடிவதற்குள் வால்வைத் திறந்தாக வேண்டும். துருவேறிய இரும்புச் சாவியை வரலட்சுமி ஒரு பக்கமும் மங்கம்மா மறுபக்கமும் பிடித்துச் சுற்றினார்கள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. திருவொற்றியூர்ப் பக்கத்து நீரேற்று நிலையம் அது. எட்டுப் பேர் வேலையை நான்கு பேர் செய்யும் இடம்.

குளோரின் அறையிலிருந்து டில்லிபாபு தவழ்ந்து வந்தான். கண் சிவந்து மூச்சுக்குத் தவித்தான். சிலிண்டரின் தேய்ந்த வாஷரை மாற்றச் சொல்லி இரண்டு மாதமாகிறது. மோட்டார் ஓட்டும் லோகநாதன் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போய் சிலிண்டரை மூடினான். டில்லியை, தகவல் கேட்டு ஓடிவந்த அவன் மனைவி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வரலட்சுமி தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்து போட்டுப் பார்த்தாள். குளோரின் இருந்தால் வரும் இளஞ்சிவப்பு வரவேயில்லை. குளோரின் இல்லாத தண்ணீர் தெருக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த ஒப்பந்தக்காரரின் உத்தரவு வேண்டும்.

ஒப்பந்தக்காரர் ராசையா வந்ததும் பதிவேட்டைத்தான் புரட்டினார். அன்று வெள்ளிக்கிழமை. அந்தக் கட்டத்தில் குளோரின் 0.5, விபத்து ஏதுமில்லை. கீழே டில்லியின் கையெழுத்து.

வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே எழுதிவைப்பது அங்கே வழக்கம். தப்புதான். தினம் உட்கார்ந்து எழுத அவர்களுக்கு ஏது நேரம்?

"எல்லாம் சரியாத்தான இருக்கு. அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். வீட்டுல கக்கூஸ் கழுவுத ஆசிட மோந்துட்டான்னு சொல்லிருங்க," என்றார் ராசையா.

"இன்னா சார் பேசுற? வேலைல அடிபட்டாருன்னு ஆஸ்பத்திரில கடுதாசி கேக்குறாங்களாம். அவரு சம்சாரம் போன்ல அழுவுது. மருந்தில்லாத தண்ணி வேற போய்கினு கீது," என்றாள் மங்கம்மா.

"நிறுத்துனா ஆபீஸ்ல விளக்கம் கேப்பான். இத அடிச்சுத் திருத்துதவங்க நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

வரலட்சுமிக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த 0.5 அவள் கையால் எழுதியது. டில்லி படிக்காமலே கையெழுத்துப் போட்டான், அவளை நம்பி. அந்த நம்பிக்கைதான் இப்போது அவனுக்கு எதிராக நின்றது. நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

பேனாவை எடுத்து 0.5-ஐ அடித்தாள். பூஜ்யம் என்று எழுதினாள். 'காலை 5.20, குளோரின் கசிவு, டில்லிபாபு மூச்சுத்திணறல்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இங்க குடு," என்று மங்கம்மா பேனாவை வாங்கித் தானும் கையெழுத்திட்டாள்.

லோகநாதன் வெளியே போனான். மோட்டார் சத்தம் அடங்கியது. திரும்பி வந்து அவனும் கையெழுத்துப் போட்டான்.

"மூணு பேரும் வேணாம்னா வால்வ நீயே சுத்திக்க சார்," என்றான்.

ராசையா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அனுப்ப மங்கம்மா அந்தப் பக்கத்தைப் படமெடுத்தாள்.

பேனாவைத் திரும்ப வாங்கிய வரலட்சுமி அதை மூடவில்லை. சனிக்கிழமைக் கட்டத்திலும் 0.5 என்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமையிலும். இரண்டையும் அடித்தாள்.