மடிப்பில் முளைத்த எல்லை

இரண்டு நாடுகளுக்கு நடுவில் எல்லைக்கோடு பந்தாக உதைபட்ட ஊர் எங்களுடையது. நான் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்தின் வரைபட அறையில் அந்த உதைகளெல்லாம் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாளில் ஆற்றங்கரை வரை நம்முடையது. முப்பது வருடம் கழித்து வந்த தாளில் அக்கரைச் சந்தையும் நம்முடையது. அடுத்ததில் சுங்கச்சாவடி மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கே திரும்பி வந்திருக்கும்.

இந்தக் கூத்தில் என் அக்காவின் தையல் கடை மாட்டிக்கொண்டது. பழைய எல்லைக்கோட்டுக்கு இருபதடிக்குள் கட்டடம் கூடாது என்று இந்த வருடம் புதுச் சட்டம். எங்கள் அலுவலகம் கொடுத்த வரைபட நகல்படி, கோடு அவள் தையல் மெஷினுக்கு அடியிலேயே போகிறது. மாதக் கடைசிக்குள் இடிக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. அக்கா அழவில்லை. வாடிக்கைக்காரர்களின் துணிகளை வேகவேகமாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நான்தான் வரைபட அறைக்குள் புகுந்தேன்.

மூன்று நாள் சாப்பாட்டை மறந்து தாள்களைக் கிளறினேன். எந்தக் காலத்திலும் எல்லை ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வந்ததே இல்லை. நான்காம் நாள் அந்த நகலின் மூலப்படம் கிடைத்தது. நாலாக மடித்த பெரிய தாள். விரித்தால், நடு மடிப்பில் அழுக்கேறிக் கறுத்த நேர்க்கோடு. நகல் எடுத்த புண்ணியவான் மடிப்பை எல்லை என்று நினைத்து மை போட்டு இழுத்திருக்கிறான்.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. மேலதிகாரியிடம் ஓடி, கண் தெரியாதவன் கையிலெல்லாம் பேனாவைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பொரிந்து தள்ளினேன். அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, கோடு தப்புதான், கடையை இடிக்க வேண்டாம் என்றார். பிறகு நகலைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"யார் வரைஞ்சதுன்னு குறிப்பிட்டாத்தான் திருத்தம் செல்லும். நீயே எழுதிடும்மா."

நகலின் பின்பக்கத்தில், இருபத்திரண்டு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் போட்ட கையெழுத்து. அதன்பின் ஆயிரம் நகல் எடுத்தவளுக்கு எது நினைவிருக்கும்? எழுதிக் கொடுத்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் பயம்.

ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது.

"கடை தப்பிச்சதுல்ல, இனி தைரியமா மேலே ஒரு மாடி எடுக்கப் போறேன்டி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ப்ளானை மட்டும் நீ வரையாதே."