பதினேழு நாள் பேச்சு

கொழுந்தன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அறை வாசலில் நின்றான். "அண்ணி, டாக்டர் லைன்ல இருக்காரு. மாத்திரை பேரும் அளவும் வேணுமாம், சர்டிபிகேட்ல எழுத."

அவள் அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். மருந்துக் கடைப் பை ஸ்டேப்ளர் பின் அடித்தபடியே இருந்தது. பின்னைப் பிய்த்துப் பார்த்தாள், உள்ளே நான்கு அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை. ரசீதில் பதினேழு நாளுக்கு முந்தைய தேதி.

கணவர் செருப்புக் கடையில் விற்பனையாளர். காலைப் பார்த்தே அளவு சொல்வார். அவரிடம் வந்தவர்கள் சிரிக்காமல் திரும்பியதில்லை. கடையில் அவருக்கு வாயாடி என்றே பெயர். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே வலிப்பு வந்து விழுந்தார். மாத்திரை தொடங்கியபின் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. பேச்சும் போயிற்று. செருப்பு வாரின் 'பக்கிள்' என்ற ஒரு சொல்லுக்காக வாடிக்கையாளர் முன்னால் விரலைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். முதலாளி அவரைப் பெட்டி அடுக்கும் உள்ளறைக்கு மாற்றிவிட்டார்.

மந்தமாக இருந்தால் சொல்லுங்கள், வேறு மருந்து பார்க்கலாம், நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள் என்று வலிப்புக்கு மருந்து எழுதிய பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். வலிப்பு வராமல் இருக்கிறதே, அதை ஏன் கிளறுவது என்று, ஒவ்வொரு முறையும் கணவர் வாய் திறப்பதற்குள் அவளே "நல்லாருக்காரு டாக்டர்" என்று முந்திக்கொண்டாள்.

அந்தப் பையோடு அவர் வந்த அன்று, சாப்பிடும்போது கேட்டதற்கெல்லாம் பதில் இல்லாமல் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"பேசிப் பேசியே என்னைக் கட்டிக்கிட்ட மனுஷன் எங்க போனாரு? மரக்கட்டையோடல்ல குடித்தனம் பண்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல் தேடினார். கிடைக்காமல் கை கழுவப் போனார்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியின் நடையை நடித்துக் காட்டினார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்றுக் காலை குளியலறையில் பாடிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அடுத்த அடி மறந்திருக்கும் என்று நினைத்து அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒழுங்கா சாப்டாரான்னு கேக்கறாரு."

பையை அவன் கையில் கொடுத்தாள். "பிரிக்கவே இல்ல. நான் பேசினதுக்கு அப்புறம் பிரிக்கல. அப்படியே சொல்லிடுங்க தம்பி."

கூடத்தில் துக்கத்துக்கு வந்திருந்த கடை ஆட்கள், போன வாரம் அவர் அடித்த ஏதோ கிண்டலைச் சொல்லித் தணிந்த குரலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"அன்னிக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

அவர்கள் கால்களை மடக்கி, அவள் உட்கார இடம் விட்டார்கள்.