இரவல் தாத்தா

செத்துப்போன புருஷனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது தங்கமணி முடிச்சை வேண்டுமென்றே இறுக்கினாள்.

“இப்ப எந்த ஆபீசுக்குப் போறது? எந்திரிச்சுப் போயேன், பாப்பம்.”

செல்லையா பதில் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளுக்குப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால், ரங்கூன் தாமுவே பேட்டையில் அந்த வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு இதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அவர் போனது குடியுரிமைக் கார்டு ஆபீஸ் பெஞ்சில், வரிசையில் உட்கார்ந்தபடியே. முறை வந்து பெயரைக் கூப்பிட்டும் எழுந்திருக்காததால்தான் விஷயம் தெரிந்தது. பின்னால் இருந்தவர், இவர் இனி எழுந்திருக்க மாட்டார் என்பதை மூக்கில் விரல் வைத்து உறுதி செய்துகொண்டு, அந்த முறையில் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டாராம். பொய்யாகவும் இருக்கலாம்.

எட்டு வருஷமாக அவர் அலைந்தது தன் தாத்தாவுக்காக. கார்டு வேண்டுமென்றால் தாத்தா வரைக்கும் மூன்று தலைமுறைக்குக் காகிதம் காட்ட வேண்டும். வடிவேல் என்கிற அந்த மனுஷர் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்து, க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை சுமந்து, எண்பத்து நாலாவது வயதில் இதே வீட்டில் கண்ணை மூடினார். வந்ததற்குத்தான் காகிதம் இல்லை. ஜப்பான்காரன் போட்ட குண்டு, ரங்கூனில் எவ்வளவோ இடம் கிடக்க, குறி பார்த்து அவருடைய தகரப் பெட்டியில் விழுந்திருந்தது.

“காகிதம் இல்லன்னா அவரு வரவே இல்ல” என்றார் ஆபீசர்.

“அப்ப நான் யாருங்க?”

“அதத்தான் நாங்களும் கேக்குறோம்.”

நாலு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். அவளுடைய பாட்டன்மார் ஸ்காட்லாந்துக்காரர்கள். அண்ணன் அமெரிக்காவுக்குப் போனான், தம்பி ரங்கூனுக்கு வந்தான். தம்பியைத் தேடிக் கொடுக்க, பழைய காகிதக் கட்டுகளில் புரண்டு பழகிய செல்லையாவை யாரோ கைகாட்டினார்கள். மூன்றே நாளில் தம்பி கிடைத்துவிட்டான். வந்த கப்பல், இறங்கிய தேதி, குடித்துவிட்டு ஆற்றில் விழுந்த தேதி எல்லாம் இருந்தன. அம்மாள் அழுதாள், போட்டோ எடுத்தாள், ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அதே கப்பல், அதே பக்கம், அதற்கு அடுத்த வரியில் எழுதியிருந்தது: ‘மேஸ்திரி முத்திருளன். கூடவே கூலிகள், 412.’

அந்த மேஸ்திரி ஆள்பிடித்துக் கொண்டுவந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் வடிவேல். எந்த ஆள் என்று எழுத வெள்ளைக்காரனுக்கு மை போதவில்லை.

முத்திருளனின் பேரன் மாரிச்சாமி அடுத்த சந்தில்தான் இருந்தார். பிள்ளை இல்லாதவர். மறுவருஷம் சாகக் கிடந்தபோது, தாத்தா வந்திறங்கியதற்கான முத்திரைக் காகிதத்தைச் செல்லையாவின் கையில் வைத்தார்.

“எங்க தாத்தாவ நீ வச்சுக்கப்பா. உம் பையனுக்காவது கார்டு கெடைக்கட்டும். வருஷத்துக்கு ஒருவாட்டி தண்ணி மட்டும் விட்டுரு.”

செல்லையா சத்தியம் செய்து கொடுத்தார். தண்ணீர் விடுவதற்கும் மூன்று தலைமுறைதான். அதில் தாத்தாவுக்கு இடம் ஒன்றுதான். காகிதத்தில் ஒருவர், ஆற்றங்கரையில் ஒருவர் என்றால் என்றைக்காவது நாக்கு புரண்டுவிடும் என்று பயந்து, ஆடி அமாவாசைக்கும் முத்திருளனையே சொல்லிப் பழகினார்.

தங்கமணி அன்றிலிருந்து அடுப்பங்கரையில் பாத்திரங்களை மெதுவாக வைத்ததில்லை. கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம் வடிவேலைக் குளிப்பாட்டியவள் அவள். முதுகில் பிரம்புத் தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஏறிப்போகும். “அடிச்சது யாரு தாத்தா?” என்று கேட்டதற்கு அவர், “மேஸ்திரிதான், வேற யாரு?” என்று சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டார்.

பிணத்தின் தலைமாட்டில் குழந்தைவேலு பண்டாரம் இலை விரித்தார். பதினாறாம் நாளுக்குத் திரும்பக் கூட்டம் கூட்ட அனுமதி வாங்கி அலைய முடியாது என்று, எல்லாக் காரியத்தையும் இன்றைக்கே முடித்துவிட ஏற்பாடு. வாசல் நாற்காலியில் வார்டு ஆபீஸ் ஊ சோவின், சாவுப் பதிவுக்குப் போனவரின் வம்சப் பெயர்களை எழுதிக்கொள்ள மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். தாமுவேயில் பிறந்த பர்மாக்காரர். தமிழில் திட்டினாலும் புரியும்.

மகன் தேவராஜ் ஈர வேட்டியோடு அம்மாவின் காதருகே வந்தான். சிங்கப்பூரில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். கார்டு வந்தால் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால் வேலை.

“அம்மா, பண்டாரம் பேரு கேப்பாரு. ஊ சோவின் எழுதிக்கிட்டு இருக்காரு.”

“எழுதட்டும். வடிவேலுன்னு சொல்லு.”

“ஃபைல்ல முத்திருளன்னு இருக்கும்மா. மாத்திச் சொன்னா தூக்கிப் போட்டுருவாங்க.”

“அடிச்சவனுக்குச் சோறு, அடி வாங்குனவரு பட்டினியா? மூணு வருஷமா ஒங்கப்பன் பண்ணுனது போதும். அவருதான் பயந்தாங்கொள்ளி, நீயுமாடா?”

“பயம் இல்லம்மா…”

“வடிவேலு. அவ்வளவுதான். இல்லன்னா கொள்ளிக் கொடத்த நானே தூக்குவேன், பாத்துக்க.”

தேவராஜ் போய் உட்கார்ந்தான். பிடித்து ஆறவைத்திருந்த மூன்று பிண்ட உருண்டைகளை இலையில் வைத்தார் பண்டாரம்.

“போனவரு பேரு?”

“செல்லையா.”

“அவரு அப்பா?”

“கருப்பன்.”

“அவருக்கு அப்பா?”

தேவராஜ் அம்மாவைப் பார்த்தான். வாசலில் ஊ சோவினின் பேனா நின்றது.

“மூணாவது பேரு என்னா? எழுதணும்ல” என்றார் அவர்.

“சொல்லுப்பா, வெயில் ஏறுது” என்றார் பண்டாரம்.

தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். “வ…”

“முத்திருளன்!” தெருமுனை வரைக்கும் கேட்டது தங்கமணியின் குரல். “முத்திருளன்னு சொல்லித் தொலையேண்டா! சொந்தப் பூட்டன் பேரு தெரியாத பிள்ளையா வளத்து வச்சிருக்கேன்! எழுதிக்கிங்க ஊ சோவின், நல்லா எழுதுங்க, முத்திருளன்!”

ஊ சோவின் எழுதினார்.

தேவராஜ் முணுமுணுப்பாக அந்தப் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான். பண்டாரம் இலையை நகர்த்தப் போனார்.

“இருங்க.”

தங்கமணி உள்ளே போய் பிண்டத்துக்காக வடித்து அடுப்பிலேயே இருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கிவந்து இறக்கினாள். கையை விட்டு அள்ளினாள். உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டினாள். அந்த உருண்டையை மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

“மூணுதாம்மா வழக்கம்” என்றார் பண்டாரம்.

“தண்ணி விடச் சொல்லுங்க.”

“பேரு வேணுமே.”

இந்தத் தெருவில் எத்தனையோ சாவு வீடுகளில் உட்கார்ந்து எழுந்தவர் ஊ சோவின். அவர் கண் இலையில் ஒவ்வொன்றாக நகர்ந்து நான்காவதில் நின்றது. பிறகு நிமிர்ந்து தங்கமணியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கையைப் புடவையில் துடைக்கவில்லை, இமைக்கவில்லை.

ஊ சோவின் நோட்டை மூடினார். நாற்காலியை எடுத்துக்கொண்டு தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

தேவராஜ் பெயர் சொல்லாமல் தண்ணீர் விட்டான். மூன்று உருண்டைகள் ஆறிக் கிடந்தன. நான்காவதிலிருந்து மட்டும் ஆவி போய்க்கொண்டிருந்தது.