பெயரில்லாத பாதங்கள்

ஞாயிறு காலை ஒன்பதே காலுக்கு என் நோட்டில் பதினோராவது வரிக்கு நேரே டிக் போட்டேன்: "அக்காவின் போல்டர்கள், பென்டிரைவில் நகல், மொத்தம் 14." எண்ணிப் பார்த்தேன். பதினான்கு இருந்தன. அதன் பிறகுதான் கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை ஏற்ற ஆரம்பித்தேன்.

அக்காவும் அத்தானும் நடத்துவது சாதாரண செருப்புக் கடை இல்லை. விரல் எடுக்கப்பட்டவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்கள் இவர்களுக்கென்று காலணி செய்யும் பட்டறை. ஆஸ்பத்திரியில் எடுத்த பாத ஸ்கேன் அக்காவின் கம்ப்யூட்டருக்கு வரும். அவள் அதைப் பென்டிரைவில் போட்டு வெட்டும் இயந்திரத்தில் சொருகினால், அந்தப் பாதத்துக்கென்றே உள் சோல், அதாவது காலணிக்குள் பாதம் படியும் மெத்தையை, அது வெட்டித் தரும். மற்றதெல்லாம் அத்தானின் கை.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. புதிய விண்டோஸ் இதில் ஏறாது. பழையதற்குப் பாதுகாப்பு நின்றுவிட்டது. வேறு வாங்கலாம் என்றாள் அக்கா. என் வீட்டில் மூன்று வருஷமாக லினக்ஸ்தான், ஒரு தொந்தரவும் இல்லை, இதையே ஓட்டலாம் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்.

பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது.

"அட, பட்டனை அமுக்கினதும் வந்துடுச்சே!" என்று அக்கா உட்கார்ந்தாள். பென்டிரைவைச் சொருகி எதையோ இரண்டு தடவை தட்டினாள். மூன்றாம் தடவையும் தட்டினாள். "தம்பி, பாதம் போல்டர் திறக்க மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். பதினான்கும் இருந்தன. ஒவ்வொன்றும் வெறும் இரண்டு கேபி, ஒரு ஸ்கேனுக்குக்கூடப் போதாத அளவு. முன்பு திரையில் ஒவ்வொரு போல்டர் படத்தின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி இருந்ததே, அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவை போல்டர்கள் இல்லை. போல்டர் இருக்கும் இடத்துக்கு வழி காட்டும் வெறும் படங்கள். முகவரி எழுதிய பதினான்கு துண்டுச்சீட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு வீட்டை இடித்திருந்தேன்.

"அப்போ டிரைவரோட ஸ்கேன்?" என்றாள் அக்கா. அவள் குரல் மெதுவாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பஸ் டிரைவருக்கு டிப்போவில் உடல்தகுதிப் பரிசோதனை. சர்க்கரை நோயால் வலது பாதம் மரத்து, அதில் இரண்டு விரல் எடுக்கப்பட்டவர். புதுக் காலணியோடு போய் பிரேக்கை ஒழுங்காக மிதித்துக் காட்டினால் பஸ். இல்லையென்றால் இனி டிப்போ வாசலில் வண்டி எண் குறிக்கிற வேலை. மேல்பாகம் தைத்து முடிந்துவிட்டது, உள் சோல் மட்டும் பாக்கி. ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுக்க இரண்டு மாத வரிசை.

அத்தான் பசை படிந்த கையோடு எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், ஆபரேஷன் முடிஞ்சுதா? பேஷண்ட் பிழைச்சாச்சா?"

"பிழைச்சுட்டான்," என்றாள் அக்கா. "ஞாபகம்தான் மொத்தமா போச்சு."

நான் பாய்ந்து மின்சார ஒயரைப் பிடுங்கினேன். அழிந்ததெல்லாம் உடனே மறைந்துவிடாது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை டிஸ்கில் கிடக்கும். கம்ப்யூட்டர் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அது யாரோ ஒருவரின் பாதத்தின் மேல் எழுதிக்கொண்டிருக்கலாம். சைக்கிளில் வீட்டுக்குப் பறந்து, கிடைப்பதைச் சேமிக்க என் வெளி டிஸ்கை எடுத்து வந்தேன். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, தொலைந்த கோப்புகளைத் தேடும் நிரலை ஏவினேன். திரையில் எண் ஏறியது. பன்னிரண்டு. நாற்பது. பிறகு வெகுநேரம் நாற்பதிலேயே நின்றது. அக்கா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

ஒன்றரை மணிக்குத் தேடல் முடிந்தது. அக்காவின் பதிவேட்டில் இருநூற்றுப் பதினாறு ஸ்கேன்கள். கிடைத்தவை நூற்று எண்பத்தைந்து. ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. நீள நீளமான எண்கள் மட்டும்.

"இதுல டிரைவர் இருக்காரான்னே தெரியல. இருந்தாலும் எப்படிடா கண்டுபிடிப்பே?"

அத்தான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காட்டு."

முதலாவதைத் திறந்தேன்.

"அடிப்பக்கம் திருப்பு. மெதுவா. இது லைப்ரரி அம்மா. குதிகால் உள்ளே சாயுது பாரு. அடுத்தது. இது பேக்கரிக்காரர், நாள் பூரா நிக்கிற கால்."

"என் பிறந்தநாள் நினைவிருக்காது," என்றாள் அக்கா. "ஊர்ல உள்ளவன் காலெல்லாம் மனப்பாடம்."

"உன் கால் சரியா இருக்கே, அதை எதுக்கு நான் பாக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் பெயர் இட்டேன். அறுபது தாண்டியது, நூறு தாண்டியது. கிடைக்காத முப்பத்தொன்றில் டிரைவரும் ஒருவர் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். நூற்று நாற்பத்து மூன்றாவதில் அத்தானின் கை என் தோளை அழுத்தியது. இரண்டு விரல் இல்லை.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். ஆனால் நூற்று ஐம்பத்தொன்றும் அதே பாதம்.

"அவர் ரெண்டு தடவை எடுத்திருக்கார்," என்றாள் அக்கா. "மூணு வருஷம் முன்னால ஒண்ணு, போன மாசம் ஒண்ணு. பழசுல வெட்டினா புண்ணாயிடும். அவருக்கு வலிக்கக்கூட வலிக்காது, தெரியாமலே ஆழமாயிடும்."

அத்தான் எழுந்து, டிரைவர் மாதிரிக்கு விட்டுப்போயிருந்த பழைய காலணியை அலமாரியிலிருந்து எடுத்தார். உள் சோலை உருவி, கால் பெருவிரலின் அடி வரும் இடத்தில் தன் கைக் கட்டைவிரலை வைத்தார். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

"இது நான் போட்ட பள்ளம் இல்ல. மூணு வருஷமா எலும்பு இறங்கி இறங்கித் தோண்டினது." திரைக்கு வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில் அந்த இடம் தட்டை. மற்றதில் சின்ன மேடு. "மேடு இருக்கறதுதான் புதுசு. வெட்டு."

"நிச்சயமா அத்தான்?"

"நீ எண்ணிப் பார்த்து டிக் போட்டியே, அந்த நிச்சயம் இல்ல மச்சான்."

இயந்திரம் நாற்பது நிமிஷம் உறுமியது. அதற்குள் மீதிப் பாதங்களுக்கும் அத்தான் பெயர் சொல்லி முடித்தார். நாலரைக்கு டிரைவர் வந்தார். புதுக் காலணியைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தார், திரும்பி வந்தார். சாக்ஸைக் கழற்றச் சொல்லி அத்தான் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் சிவக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த டிரைவர், மேஜையின் குறுக்குக் கட்டையை வலது காலால் மெல்ல மிதித்தார். விட்டார். சட்டென்று ஓங்கி மிதித்தார். மேஜையோடு கம்ப்யூட்டரும் குலுங்கியது.

"வழுக்கல," என்றார். "பிரேக் புடிக்குது."

அவர் போன பிறகு அக்கா பதிவேட்டை என் முன்னால் வைத்தாள். "மீதி முப்பத்தொரு பேர்?"

"நான்தான் பேசணும்," என்றேன்.

"பின்னே, நானா?"

நோட்டில் பதினோராவது வரியின் டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் "திறந்து பார்க்கவில்லை" என்று எழுதினேன். முதல் எண்ணுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.