தோங்சாய் கேட்ட சோறு

லமுனின் மகன் தோங்சாய் இறந்த ஏழாம் நாள், அவள் களஞ்சியத்திலிருந்த மல்லிகை நெல் முழுவதும் மணத்தை இழந்தது. எலி தொடவில்லை, ஈரம் ஏறவில்லை. மணம் மட்டும் இல்லை.

தாய்லாந்தின் துங் குலா சமவெளியில் எல்லோரும் மல்லிகை நெல்லை விற்பதற்காக விளைவிப்பார்கள். வீட்டில் ஒட்டரிசியை மூங்கில் கூடையில் அவித்து உருட்டித் தின்பார்கள். பாங்காக்கில் நாலு வருஷம் கட்டட வேலை பார்த்த தோங்சாய்க்கு நாக்கு மாறிவிட்டது. கடைசியாக ஊருக்கு வந்தபோது கேட்டான்.

"ஒரு நாளைக்கு நம்ம மல்லிகை அரிசிய வடிச்சுப் போடேம்மா."

"வாங்க, பாங்காக் துரை! ஒட்டரிசி தொண்டையில இறங்கலையாக்கும்? அது விக்கிற அரிசிடா. அடுத்த அறுப்புக்கு வா, பாக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அறுப்புக்கு இருபது நாள் இருக்கையில் அவன் நின்ற சாரம் சரிந்தது.

அடுத்த இரண்டு விளைச்சலும் மணக்கவில்லை. ஆலைக்காரர் கைவிரித்தார். ஆய்வகத்திலிருந்து வந்த அதிகாரி நெல்லை அரைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "புரோலின்னு ஒரு அமினோ அமிலம். அதுலேருந்து பயிர் ஒரு சின்ன வளையச் சேர்மம் செய்யும். அதுதாம்மா இந்த வாசனை. வயல் காஞ்சா, உப்பு ஏறினா இன்னும் கூடும். உங்க நெல்லுல துளிகூட இல்லையே!"

அதற்குப் பதில் அடுத்த வீட்டுப் புவாலாயிடம் இருந்தது. "செத்தவங்க சோத்தையா திங்கிறாங்க? வாசனையத்தான். வருஷா வருஷம் ஒன்பதாம் மாசம் செத்தவங்களுக்குப் படைக்கிறப்ப அவனுக்குத் தரையில என்ன வச்சே?"

"ஊரே வைக்கிறதுதான். ஒட்டரிசிப் பொட்டலம்."

"அவன் கேட்டது அதையாக்கா?"

அன்றே லமுன் மல்லிகை அரிசி வடித்தாள். இத்தனை நாள் இல்லாத மணம் பானையில் எழுந்து, அவனுக்கென வைத்த தட்டில் போட்டதும் அணைந்தது. சாயங்காலம் களஞ்சியம் பழையபடி மணத்தது. அதன்பின் தினமும் மதியம் ஒரு தட்டு. மணம் போன சோறு கோழிகளுக்கு. "வந்துட்டானா?" என்று பஸ்ஸை விசாரிப்பதுபோல் புவாலாய் விசாரிப்பாள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு மதியம், சோறு ஆறிய பிறகும் மணம் அப்படியே இருந்தது. லமுன் படியிறங்கிப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வரலையாக்கா?"

"வயிறு நெறஞ்சிருச்சு போல."

தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சொந்த வயலின் மல்லிகை அரிசியை ஐம்பத்தெட்டு வயதில் அன்றுதான் முதன்முதலாக ருசி பார்த்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.

மறுநாள் ஒட்டரிசி மட்டும் அவித்தாள்.