பயிற்சியினால் கண்ட பயன்

"பயிற்சியினால் கண்ட பயன் யாது?" என்று அச்சடித்திருந்த தாளை மேனேஜர் என் பக்கம் தள்ளினார். கேள்விக்குக் கீழே பத்துக் கோடுகள்.

"இருபது நாள் நீ இல்லாம ரெண்டு மெஷின் படுத்துக் கிடந்துச்சு. மேல இருக்கறவங்க என் தலையை உருட்டுறாங்க. பிரயோஜனம்னு தெரிஞ்சாத்தான் மத்த நாலு பேரையும் அனுப்ப முடியும். முன்னாடி தப்பா செஞ்சது, இப்ப கத்துக்கிட்டதுன்னு ஒரு உதாரணம் போட்டு எழுது. சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு எழுதிட்டு வராதே."

உதாரணம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மண் தோண்டும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது எங்கள் பட்டறை. எஞ்சினை நிறுத்தினால் "நின்னுடுச்சு" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. "தூங்கிடுச்சு" என்போம். சாவியைத் திருப்பியவன் மேலிருந்து கத்துவான், கீழே இருப்பவன் ஸ்பேனரை எடுப்பான். பதினேழு வருடமாக நானும் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். பயிற்சியின் இரண்டாம் நாள், என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பெண் பொறியாளர், இயந்திரத்தின் மண் அள்ளும் வாளியை அந்தரத்தில் தூக்கி வைத்தபடியே எஞ்சினை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் குழாயில் மாட்டியிருந்த அழுத்த மீட்டரைக் காட்டினார். முள் கீழே இறங்கவே இல்லை.

"எஞ்சின்தான் நின்னிருக்கு. தூக்கின பாரம் மொத்தமும் இந்த எண்ணெய் மேல உக்காந்திருக்கு. வாளியைத் தரையில இறக்கி, லீவரை ஆட்டி, அழுத்தத்தை விட்டப்புறம்தான் குழாய்ல கை வைக்கணும்."

மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மேலே இருந்தவன் நான். கீழே இருந்தது என் தங்கையின் கணவன். "தூங்கிடுச்சு மாப்ள" என்றேன். அவன் குழாயைக் கழற்றினான். வாளி அவன்மேல் இறங்கியது. விசாரணையில் கேட்டபோது, "அவசரப்பட்டுட்டான்" என்றேன். வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. எஞ்சின் நின்ற இயந்திரம் ஓர் ஆளைக் கொல்லும் என்று எனக்கே தெரியாது. "இறந்தவரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். தங்கையும் அதையே நம்பினாள். அவனை நினைத்து அவள் அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம்.

எழுதாமல் விட்டால் அந்த நாலு பேரும் நாளைக்கும் குழாயில் கை வைப்பார்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன். "ஏசி ரூம்ல உக்காந்துட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்கறான் பாரு" என்று சிரித்தார்கள். எழுதினால் நான் என் தங்கையை இழப்பேன். அவளை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. மூன்று நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

கடைசியில் வேறொரு காகிதத்தில் எழுதி, அதையும் தாளையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். கோழி கிளறினது போன்ற என் கையெழுத்தை அவள்தான் எப்போதும் திருத்தி எழுதித் தருவாள். வாயால் சொல்லத் துணிவில்லாத கோழை நான். அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

சமையலறை மேசையில் தாளை விரித்து, குண்டு குண்டாக இரண்டு வரி எழுதினாள். என் காகிதத்தின் மூன்றாவது வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"'எஞ்சின் நிறுத்தப்பட்டதாகக் கூறப்பட்டதன் பேரில் ஊழியர் குழாயைக் கழற்றினார்.' ஏண்ணா, பெரிய ஆபீசர் மாதிரி எழுதியிருக்கே? கூறப்பட்டதுன்னா, யாரு கூறினது?"

அவள் காகிதத்தை மறுபடி படித்தாள். இம்முறை உதடு அசையவில்லை.

"இந்த ஊழியர்... அவரா?"

"ஆமாம்மா."

"அவரு அவசரப்படலையா?"

"இல்ல. நான் சொன்னப்புறம்தான் கை வச்சான். நான் சொன்னதே தப்பு."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வருஷமா அவரைத் திட்டிக்கிட்டிருக்கேண்ணா" என்றாள். குரல் ஏறவில்லை. "செத்த மனுஷனை."

தலையைக் குனிந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள். என் காகிதத்தை அவள் பார்க்கவே இல்லை. முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினாள். 'எஞ்சின் தூங்கிவிட்டது என்று' என ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. கொஞ்சம் இடம் விட்டு, 'அதை நம்பி என் தங்கையின் கணவர் குழாயைக் கழற்றினார்' என்று இருந்தது.

"நடுவுல ரெண்டு வார்த்தைக்கு இடம் விட்டிருக்கேன். அதை உன் கையால எழுது."

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் பேனாவை எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.